மேஷ ராசியும் மண்டையைப் போட்ட டேட்டாபேஸும்

ராசிபலன்னு நினைச்சு உள்ள வந்த மக்களே, ஸாரி. குருப்பெயர்ச்சிக்கும் இந்தப் பதிவுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனா மேஷத்துக்கு இருக்கு. மேஷத்துக்கு இங்கிலீஷ்ல ஏரீஸ்னு பேரு இல்லையா, அதே பேர்ல டேட்டாபேஸ் உலகத்துல ஒரு வழிமுறை இருக்கு. சர்வர் பாதி வேலையில பொசுக்குனு போயிட்டா, திரும்ப எழுந்து வர்றப்போ கணக்கு ஒரு பைசா பிசகாம எப்படி வரணும்னு சொல்ற வழிமுறை. அந்தக் கட்டுரையை எழுதின அஞ்சு பேர்ல முதல் பேர் சி.மோகன்.

(இலக்கியப் பதிவர்கள் அவசரப்பட வேண்டாம். இது 'ஓநாய் குலச்சின்னம்' மொழிபெயர்த்த சி.மோகன் இல்லை. இவர் வேற.)

இந்த மோகன் நம்ம ஊர் ஐஐடியில படிச்சவர். அதுவும் கம்ப்யூட்டர் இல்லை, கெமிக்கல் இஞ்சினியரிங். தினமும் காலையில சர்தார் படேல் ரோட்டுல அந்த வளாகத்தோட சுவரை உரசிக்கிட்டு, மத்திய கைலாஷ்ல திரும்பி, ஓ.எம்.ஆர்ல பொட்டி தட்டப் போற கூட்டம் ஆயிரக்கணக்குல இருக்கு. நானும் அதுல ஒருத்தனா இருந்திருக்கேன். அந்த பஸ்ல இருக்குறவங்கள்ல பாதிப் பேராவது ஏதோ ஒரு டேட்டாபேஸைத் தொடாம அன்னிக்குச் சம்பளம் வாங்க முடியாது. ஆனா கூகிள் தலைவர் எந்த ஸ்கூல்ல படிச்சார்னு கேட்டா சட்டுனு சொல்ற நமக்கு, மோகன் யாருன்னு கேட்டா தெரியாது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல். அதான் இந்தப் பதிவு.

முதல்ல பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். டெக்னிக்கல்னு ஓடிடாதீங்க, கத்திரிக்காய் வாங்கத் தெரிஞ்சா போதும்.

மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில ஒரு அம்மாகிட்ட 60 ரூபாய்க்குக் காய் வாங்கிட்டு, போன்ல ஸ்கேன் பண்ணிப் பணம் அனுப்புறீங்க. சுலபமா இருக்கட்டும்னு ரெண்டு பேருக்கும் ஒரே பேங்க்னு வச்சுக்குவோம். டேட்டாபேஸ் ரெண்டு காரியம் பண்ணணும். உங்க கணக்குல 60 குறைக்கணும், அந்த அம்மா கணக்குல 60 கூட்டணும். முதல் காரியம் முடிஞ்சு ரெண்டாவது ஆரம்பிக்கறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. இப்போ உங்க 60 ரூபாய் எங்க? உங்ககிட்டயும் இல்லை, அந்த அம்மாகிட்டயும் இல்லை. காத்துல போச்சு.

இது பாதிப் பிரச்சினைதான். மீதி என்னன்னா, டேட்டாபேஸ் எதையுமே நேரா டிஸ்குல மாத்தாது. டிஸ்க் மெதுவான ஜந்து. அதனால வேணுங்கற பக்கத்தை மெமரிக்குத் தூக்கிட்டு வந்து, அங்க மாத்திட்டு, நேரம் கிடைக்கும்போது டிஸ்குல கொண்டு போய் வைக்கும். அதனால க்ராஷ் ஆகுற கணத்துல டிஸ்குல இருக்குற நிலைமை ஒரே குளறுபடி. 'பணம் போயாச்சு'ன்னு உங்களுக்குப் பச்சை டிக் காட்டின மாற்றம் மெமரியோட செத்துப் போயிருக்கலாம். முடியவே முடியாத ஒரு வேலையோட பாதி மாற்றம் டிஸ்குக்குப் போய் உக்காந்திருக்கலாம். முதல் வகையை மறுபடி செய்யணும், ரெண்டாவது வகையை அழிக்கணும். எது எந்த வகைன்னு அந்த டிஸ்க் பக்கங்களை மட்டும் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது.

இதுக்கு விடை நம்ம பழைய மளிகைக்கடை முதலாளிகளுக்குத் தெரியும். கடையில பேரேடு ஒண்ணு இருக்கும், ஆளாளுக்குத் தனித்தனிப் பக்கம் போட்டு. ஆனா வியாபாரம் நடக்கற வேகத்துல பேரேட்டைப் புரட்டிக்கிட்டு இருக்க முடியாது. அதனால நடக்கறதை நடக்கற வரிசையில சிட்டையில ஒவ்வொரு வரியா எழுதிட்டுப் போவாங்க. ராத்திரி கடை சாத்தினதும் உக்காந்து சிட்டையைப் பார்த்துப் பேரேட்டுல ஏத்துவாங்க. பேரேட்டுல தண்ணி கொட்டினா? சிட்டை இருக்கு. பாதி ஏத்தும்போது கணக்குப்பிள்ளைக்கு மயக்கம் வந்தா? சிட்டை இருக்கு. சிட்டையில எழுதாத எதுவும் பேரேட்டுல இருக்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

டேட்டாபேஸோட சிட்டைக்குப் பேர் லாக். எந்த மாற்றமும் முதல்ல லாக்ல எழுதி, அந்த லாக் டிஸ்குல பத்திரமானதுக்கு அப்புறம்தான் மாத்தின பக்கம் டிஸ்குக்குப் போகலாம். அதே மாதிரி 'முடிஞ்சது'ங்கற வரி லாக்ல பத்திரமானதுக்கு அப்புறம்தான் உங்களுக்குப் பச்சை டிக். லாக் எப்பவும் கடைசியில சேர்த்துக்கிட்டே போறதால டிஸ்குக்கும் கஷ்டம் கம்மி. சொல்றப்போ இவ்வளவுதானான்னு தோணும். ஆனா இதை எல்லாரும் ஒத்துக்கவே பல வருஷம் ஆச்சு.

எழுபதுகள்ல கலிபோர்னியாவுல சான் ஹோசே ஐபிஎம் ஆராய்ச்சிக் கூடத்துல 'சிஸ்டம் ஆர்'னு ஒண்ணு கட்டினாங்க. நாம இன்னிக்கு எழுதற எஸ்க்யூஎல் பொறந்த வீடு அதுதான். அங்க க்ராஷ்லேர்ந்து மீள்ற பகுதியில வேலை பார்த்தவர்கள்ல முக்கியமானவர் ஜிம் க்ரே. அவங்க நிழல் பக்கம்னு ஒரு உத்தி வச்சிருந்தாங்க. பழைய பக்கத்தை அப்படியே விட்டுட்டு, மாத்தினதை வேற இடத்துல எழுதி, ஒரு கட்டத்துல மொத்தமா புதுசுக்கு மாறிக்கறது. கேக்க அழகா இருக்கும். நடைமுறையில டிஸ்க் பூரா பக்கங்கள் சிதறிப்போகும், எது எங்க இருக்குங்கற அட்டவணையே பெருசா வீங்கும். போதாக்குறைக்கு லாக்கும் வச்சே ஆகணும். 1981-ல அவங்களே எழுதின கட்டுரையில, பெரிய டேட்டாபேஸுக்கு லாக் மட்டுமே வச்சுப் பண்ணியிருக்கலாம்ங்கற வருத்தத்தை ஒளிவு மறைவில்லாம சொல்லியிருக்காங்க. எனக்கு அந்தக் கட்டுரை ரொம்பப் பிடிக்கும். தான் கட்டினதைப் பத்தி அப்படி எழுத ஒரு தைரியம் வேணும்.

அந்த 1981-லதான் மோகன் அதே கூடத்துல வேலைக்குச் சேர்றார்.

அவர் கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும். மேற்கு ஜெர்மனி உதவியோட 1959-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் ஐஐடிக்கு, 1973-ல ஜெர்மன்காரங்க புண்ணியத்துல ஐபிஎம் 370/155 ஒண்ணு வந்து இறங்குச்சு. ஒரு பெரிய ஹால் நிறைய மெஷின். ஓட்டை போட்ட அட்டைக் கட்டைக் கொடுத்துட்டு, பதில் வர்ற வரைக்கும் காத்துக் கிடக்கணும். ஒரு சுவாரஸ்யம் பாருங்க, அந்த மாடலோட மெயின் மெமரி சின்னச் சின்ன காந்த வளையங்களால ஆனது. கரண்ட் போனாலும் அதுல இருக்கறது அழியாது. மறதி இல்லாத மெமரி! அதுக்கப்புறம் வந்த சிலிக்கான் மெமரி வேகமா இருந்துச்சு, ஆனா ஸ்விட்சை அணைச்சா எல்லாமே மறந்து போகும். க்ராஷ் மீட்புங்கற தலைவலி பெருசானதுல இதுக்கும் ஒரு பங்கு உண்டு.

கெமிக்கல் படிக்க வந்த மோகனுக்கு இந்த மெஷின் மேல பைத்தியம் பிடிச்சுது. 1977-ல பி.டெக் முடிச்சு, டெக்ஸஸ் ஆஸ்டின்ல 1981-ல டாக்டர் பட்டம் வாங்கி, நேரா ஐபிஎம். அவர் கிளம்பிப் போன மறு வருஷம், 1978-ல, ஐபிஎம்மே இந்தியாவை விட்டு வெளியே போச்சு. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சரா இருந்த காலம், வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்ன சட்டம்னு அது ஒரு தனிக்கதை. ஐபிஎம் விட்டுட்டுப் போன மெஷின்களைப் பராமரிக்கற வேலை சிஎம்சிங்கற அரசு நிறுவனத்துக்குப் போச்சு. அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதணும்.

மோகன் அங்க போய்க் கையில எடுத்த சிக்கல் இதுதான். அதுவரைக்கும் க்ராஷுக்கு அப்புறம் எல்லாரும் புத்திசாலித்தனமா பண்றதா நினைச்சது: லாக்கைப் படி, முடிஞ்ச வேலையை மட்டும் மறுபடி செய், முடியாத வேலையைத் தொடாதே. எப்படியும் அழிக்கப்போறதை எதுக்கு மறுபடி செய்யணும்? நியாயமான கேள்விதானே?

இங்கதான் வினை. டிஸ்க் பக்கம் ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு நம்பர் எழுதியிருக்கும். 'லாக்ல இந்த வரி வரைக்கும் என் மேல ஏத்தியாச்சு'ன்னு அர்த்தம். இப்போ ஒரே பக்கத்துல உங்க கணக்கும் இருக்கு, என் கணக்கும் இருக்குன்னு வைங்க. லாக்ல 20-ஆம் வரி நான் பாதியில விட்ட வேலை. 30-ஆம் வரி நீங்க வெற்றிகரமா முடிச்ச வேலை. புத்திசாலித்தனமா 20-ஐத் தாண்டிட்டு 30-ஐ மட்டும் ஏத்தினா, பக்கத்து மேல '30 வரை ஏத்தியாச்சு'ன்னு விழும். அது பொய். 20 ஏறவே இல்லை. அடுத்து முடியாத வேலைகளை அழிக்க வர்றப்போ, பக்கம் 30 வரை ஏத்தினதா சொல்லுதேன்னு நம்பி, ஏறாத 20-ஐக் கழிச்சுடும். என் கணக்குல இல்லாத குழப்பம் புதுசா வந்து சேரும். பக்கம் முழுசையும் ஒருத்தரே பூட்டி வச்சு வேலை பார்த்த காலத்துல இது வராது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியா பூட்டி, ஒரே பக்கத்துல நூறு பேர் வேலை செய்யணும்னு வந்தப்போதான் வெடிச்சுது.

மோகன் குழுவோட விடை, நடந்த வரலாற்றை அப்படியே திரும்ப நடத்து. முடிஞ்சது, முடியாதது, பின்னாடி அழியப்போறதுன்னு எந்தப் பாகுபாடும் பார்க்காதே. லாக்ல இருக்கற வரிசையில எல்லாத்தையும் ஏத்தி, க்ராஷ் ஆன அந்தக் கணத்துல டேட்டாபேஸ் எப்படி இருந்துச்சோ அச்சு அசலா அந்த நிலைமைக்குக் கொண்டு வந்து நிறுத்து. அதுக்கப்புறம் முடியாத வேலைகளை ஒவ்வொண்ணா பின்னோக்கி அவிழ்த்துட்டு வா. ஆக மொத்தம் மூணு நடை. லாக்கைப் படிச்சு யார் யார் பாதியில நின்னாங்கன்னு கண்டுபிடிக்கற நடை, எல்லாத்தையும் திரும்ப நடத்தற நடை, அவிழ்க்கற நடை.

அவிழ்க்கறதுலயும் ஒரு நுணுக்கம். அவிழ்க்கறப்போ அந்த அவிழ்த்தலையும் லாக்ல ஒரு புது வரியா எழுதணும். கணக்குப்பிள்ளை தப்பான வரியை அடிச்சுத் திருத்த மாட்டார், எதிர்ப்பதிவு போடுவார் இல்லையா, அதே சமாச்சாரம். மீண்டு வந்துக்கிட்டு இருக்கும்போதே திரும்பவும் கரண்ட் போனா (நம்ம ஊர்ல இது கற்பனை இல்லைங்கறது உங்களுக்கே தெரியும்) ஏற்கெனவே அவிழ்த்ததை ரெண்டாவது தடவை அவிழ்க்காம விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். எத்தனை தடவை விழுந்தாலும் வேலை பெருகிக்கிட்டே போகாது. என்னைக் கேட்டா மொத்தக் கட்டுரையிலயும் அழகான இடம் இதுதான்.

1989-ல ஐபிஎம் உள் அறிக்கையா வந்து, 1992 மார்ச்ல முறைப்படி இதழ்ல அச்சாச்சு. 69 பக்கம். மோகனோட டான் ஹேடர்லி, ப்ரூஸ் லிண்ட்ஸே, ஹமீத் பிரஹேஷ், பீட்டர் ஷ்வார்ட்ஸ் எல்லாரும் சேர்ந்து எழுதினது. ஐபிஎம் டிபி2-ல ஏறுச்சு, மைக்ரோசாப்ட் எஸ்க்யூஎல் சர்வர்ல ஏறுச்சு. 1999-ல விஎல்டிபி மாநாட்டுல பத்து வருஷத்துக்கு முந்தின கட்டுரைகள்ல தாக்கம் அதிகம்னு பரிசு. மோகன் 1997-ல ஐபிஎம் ஃபெலோ ஆனார், 2006-லேர்ந்து 2009 வரைக்கும் ஐபிஎம் இந்தியாவோட தலைமை விஞ்ஞானியா இங்க வந்து இருந்தார், 2020-ல ஓய்வு.

நாம தினம் அடிச்சுக்கற இலவச சரக்குகள் எப்படின்னு கேப்பீங்க. மைஎஸ்க்யூஎல்லோட இன்னோடிபி கிட்டத்தட்ட இதே குடும்பம், திரும்ப நடத்தும், அப்புறம் அவிழ்க்கும். போஸ்ட்கிரஸ் பாதி வழிதான் வரும். 2001-ல 7.1-ல லாக் வந்துச்சு, வரலாற்றைத் திரும்ப நடத்தும். ஆனா பழைய வரிகளை அது அழிக்காம வச்சிருக்கறதால அவிழ்க்கற நடையே தேவையில்லை. பழைய மைஐசாம் இருக்கே, அதுக்கு இந்த லாக்கே கிடையாது. சொந்தமா ஹோஸ்டிங் வாங்கிப் பதிவு வச்சிருந்த மூத்த பதிவர்கள், 'டேபிள் க்ராஷ் ஆயிடுச்சு, ரிப்பேர் பண்ணு'ங்கற செய்தியைப் பார்த்து வயித்துல புளியைக் கரைச்ச கதை எல்லாம் சொல்வாங்க. அதுக்குக் காரணம் இதுதான். 2010-ல 5.5 வந்தப்போதான் இன்னோடிபி தானாவே அமையற மாதிரி ஆச்சு.

சரி, மீள்றது இருக்கட்டும். எதனால விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கறது? இதுக்கும் அதே ஜிம் க்ரே கிட்டதான் போகணும். ஐபிஎம்மை விட்டு டேண்டம்ங்கற கம்பெனிக்குப் போன பிறகு, 1985-ல அவர் ஒரு அறிக்கை எழுதினார். கம்ப்யூட்டர்கள் ஏன் நிக்குதுங்கறதுதான் தலைப்பே. 2000-க்கும் மேல டேண்டம் மெஷின்கள்லேர்ந்து ஏழு மாசம் வந்த பழுது அறிக்கைகளை உக்காந்து பிரிச்சுப் பார்த்திருக்கார். 42 சதவீதம் நிர்வாகம், அதாவது ஆப்பரேட்டர், செட்டிங், பராமரிப்புன்னு மனுஷங்க கை வச்ச இடம். 25 சாப்ட்வேர். ஹார்ட்வேர் வெறும் 18. கரண்ட், ஏசி மாதிரி சுற்றுப்புறம் 14. 'சர்வர் ஹார்ட்வேர் சரியில்லை சார்'னு சொல்லித் தப்பிக்கற டேமேஜர்கள் இதை பிரிண்ட் எடுத்து ஒட்டி வச்சுக்கலாம்.

அதே அறிக்கையில இன்னொண்ணு. சாப்ட்வேர் கோளாறுகள்ல பெரும்பாலானது திரும்ப ஓட்டினா வராத ஜாதி. பார்க்கப் போனா ஒளிஞ்சுக்கும். ஹைஸன்பக்னு அதுக்குப் பேரு, வச்சவர் ஏரீஸ் கட்டுரையில இருக்கற ப்ரூஸ் லிண்ட்ஸேதான்னு சொல்வாங்க. அதனால க்ரே சொன்ன வழி: சந்தேகம் வந்தா உடனே நின்னுடு, தப்பான கணக்கோட தொடராதே, நின்னுட்டு நல்ல நிலைமையிலேர்ந்து மறுபடி ஆரம்பி. நின்னு எழற செலவைக் குறைக்கறதுதான் லாக்கோட வேலை.

இதை நான் கண்ணால பார்த்திருக்கேன். தி.நகர்ல வேலை பார்த்த ஒரு ஆபீஸ்ல (பேர் வேண்டாம்) ஒரு மாசக் கடைசியில 'சர்வர் செத்துப் போச்சு'ன்னு போன். போன் பண்ணினவருக்குத் தெரிஞ்சது 'ஆப் சுத்திக்கிட்டே இருக்கு' மட்டும்தான். வாட்ஸப் குரூப்ல அதுக்குள்ள ஹேக் பண்ணிட்டாங்க, டிஸ்க் போச்சு, இன்வெர்ட்டர் போச்சுன்னு மூணு தீர்ப்பு. நான் போய் லாகின் பண்ணினப்போ போஸ்ட்கிரஸ் சமத்தா ஓடிக்கிட்டு இருந்துச்சு! பிறகு அதோட செய்திப் பதிவைத் திறந்து கீழேர்ந்து மேலே படிச்சோம். கனெக்ஷன் ஏத்துக்கத் தயார். அதுக்கு மேல, திரும்ப நடத்தற வேலை இந்த இடத்துல ஆரம்பிச்சுது. அதுக்கு மேல, ஒழுங்கா மூடப்படலை, தானா மீள்றேன். அதுக்கு மேல, மத்த ப்ராசஸ் எல்லாத்தையும் நிறுத்தறேன். உச்சியில, ஒரு ப்ராசஸ் சிக்னல் 9-ல கொல்லப்பட்டது. எல்லாம் ஒரே நிமிஷத்துக்குள்ள.

சிக்னல் 9 போஸ்ட்கிரஸ் தனக்குத்தானே போட்டுக்கறது இல்லை, வெளிலேர்ந்து வந்த கொலை. கொன்னது யாரு? கெர்னலோட பதிவைப் பார்த்தா அங்க வாக்குமூலமே இருக்கு: மெமரி தீர்ந்துடுச்சு, அதிகம் தின்னவனைப் போட்டேன். அதே நேரம், அதே ப்ராசஸ் நம்பர். வேற டீம் அன்னிக்குப் புதுசா ஏத்தின மாசாந்திர ரிப்போர்ட் ஒண்ணு கிகா கிகாவா முழுங்கியிருக்கு. டிஸ்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்வெர்ட்டரும் நல்லாத்தான் இருந்துச்சு.

கூட இருந்த ஜூனியர் தம்பி கேட்டான், "ஒருத்தனைத்தானே கொன்னாங்க, எதுக்குண்ணே இது மத்த எல்லாரையும் சேர்த்துக் கொன்னுச்சு?" நல்ல கேள்வி. எல்லா ப்ராசஸும் ஒரே மெமரியைப் பகிர்ந்துக்குது. செத்தவன் அதுல பாதி எழுதிட்டுப் போயிருந்தா? யாருக்கும் தெரியாது. அதனால மெமரியை மொத்தமா தூக்கிப் போட்டுட்டு, டிஸ்குல இருக்கற லாக்கை வச்சு முதல்லேர்ந்து வர்றது. க்ரே 1985-ல சொன்னதேதான். அன்னிக்கு ஒரு பில் கூட தொலையலை. போன் பண்ணினவர்கிட்ட இதை விளக்கினா, "அப்போ சரியா போச்சுல்ல?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டார்.

ஜிம் க்ரே 1998 டூரிங் விருது வாங்கினவர். 2007 ஜனவரி 28-ஆம் தேதி, அம்மாவோட அஸ்தியைக் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியா படகுல கிளம்பிப் போனார். திரும்பலை. அவர் நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களுக்குப் பிரிச்சுக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக் கடலா கண்ணால தேட வச்சாங்க. படகும் கிடைக்கலை, அவரும் கிடைக்கலை.

இவ்வளவு ஆனதுக்கு அப்புறமும் 2018-ல ஒரு குண்டு விழுந்துச்சு. போஸ்ட்கிரஸ் ஒரு பக்கத்தை எழுதிட்டு 'டிஸ்குக்குப் போச்சா?'ன்னு லினக்ஸ் கிட்ட கேக்கும். போகலைன்னா லினக்ஸ் 'இல்லை'ன்னும். சரின்னு இன்னொரு தடவை கேட்டா 'போச்சு'ன்னு சொல்லிடும். நிஜத்துல போகவே இல்லை! முதல் தடவை தோத்ததுமே அந்தப் பக்கத்தை எழுதி முடிச்சதா கெர்னல் குறிச்சுக்கும். ரெண்டாவது 'போச்சு'க்கு அர்த்தம், எழுத இனிமே பாக்கி ஒண்ணும் இல்லைங்கறது மட்டும்தான். இந்த உரையாடலை ரெண்டு பக்கமும் பல வருஷமா வேற வேற அர்த்தத்துல புரிஞ்சு வச்சிருந்திருக்காங்க. ஒரு வாடிக்கையாளரோட டேட்டா கெட்டுப்போனதைத் தோண்டிக்கிட்டே போனப்போதான் இது வெளியே வந்துச்சு. 2019 பிப்ரவரியில வந்த 11.2-ல தீர்வு வச்சாங்க. என்ன தீர்வு தெரியுமா? 'இல்லை'ன்னு ஒரு தடவை பதில் வந்தாலே போதும், ரெண்டாவது தடவை கேக்காதே, நீயே விழுந்துடு. விழுந்து, லாக்கை எடுத்து, வரலாற்றைத் திரும்ப நடத்து.

அப்போ புழக்கத்துல இருந்த மத்த பழைய வெர்ஷன்களுக்கும் அதே நாள் திருத்தம் வந்தாச்சு. அதுக்கும் முந்தின வெர்ஷனை இன்னமும் ஓட்டிக்கிட்டு இருக்கற ஒரு ஆபீஸை எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், ஆனா அவங்களுக்கு டிஸ்க் பழசாயிட்டு வருதாம்.